கண்டறியப்பட்ட மருந்தும் காத்திருக்கும் குழந்தைகளும்

மொங்கோலியா, உஸ்பெகிஸ்தான் ஆகிய இரு நாடுகளுக்குச் சிறுவர் புற்றுநோய்க்கான மருந்துகள் இலவசமாக அனுப்பி வைக்கப்பட்டுள்ளதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2025 பெப்ரவரியில் அறிவித்தது. எக்குவடோர், ஜோர்தான், நேபாளம், சாம்பியா ஆகிய நாடுகளுக்கும் அடுத்ததாக அவை அனுப்பப்படும் என அப்போது தெரிவிக்கப்பட்டது. உலக அரசியலின் பரபரப்புகளுக்கு மத்தியில் பலரது கவனத்தை ஈர்க்காமலேயே போன செய்தி இது. எனினும், அதன் பின்னணியில் உள்ள புள்ளிவிபரங்கள் மனதை உறுத்துபவை.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 4 இலட்சம் சிறுவர்களும் வளரிளம் பருவத்தினரும் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர். செல்வந்த நாடுகளில் அவர்களுள் 80 சதவீதத்துக்கும் அதிகமானோர் குணமடைகின்றனர். வறிய, நடுத்தர வருமான நாடுகள் பலவற்றிலோ 30 சதவீதத்துக்கும் குறைவானோரே உயிர் தப்புகின்றனர். நோய் ஒன்றே, மருந்தும் ஒன்றே. குழந்தை பிறந்த நாடுதான் வேறு. அம்மருந்துகளுட் பல நேற்றுக் கண்டுபிடிக்கப்பட்டவையும் அல்ல. அவற்றின் வரலாறு, அமெரிக்காவின் பொஸ்டன் நகரச் சிறுவர் வைத்தியசாலையில் 1947ஆம் ஆண்டு ஒரு வைத்தியர் மேற்கொண்ட ஆய்வுகளிலிருந்து தொடங்குகின்றது. அவ்வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால், இன்றைய இந்த இடைவெளிக்கான காரணமும் புலப்படும்.

அந்த வைத்தியர் சிட்னி ஃபார்பர். 1903ஆம் ஆண்டு நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் 14 பிள்ளைகளைக் கொண்ட யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். யூத மாணவர்களின் தொகையை அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் கட்டுப்படுத்தி வைத்திருந்த காலம் அது. எனவே, ஜேர்மனிக்குச் சென்று மருத்துவப் படிப்பின் முதலாம் ஆண்டைக் கற்றுத் தேறிய பின்னரே ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. 1927இல் பட்டம் பெற்ற அவர், பின்னர் பொஸ்டன் சிறுவர் வைத்தியசாலையின் முதலாவது முழுநேர நோயியல் நிபுணரானார். உயிருள்ள குழந்தைகளுக்குச் சிகிச்சையளிப்பது அவரது பணியாக இருக்கவில்லை. இறந்த குழந்தைகளின் உடல்களைப் பரிசோதித்து மரணத்துக்கான காரணத்தைக் கண்டறிவதே அவருக்கு விதிக்கப்பட்டிருந்த கடமையாகும்.

அக்கடமையை அவர் வெறும் பதிவேட்டு வேலையாகக் கருதவில்லை. மூட்டுகள் வீங்கி, தோலின் கீழ் முடிச்சுகள் தோன்றி, அழுகுரல் கம்மிப்போய் இறக்கும் சில குழந்தைகளின் உடல்களில் ஒரு வகைக் கொழுப்பு தேங்கிக் கிடப்பதை அவர் அவதானித்தார். 1950களில் அவர் விபரித்த அந்நோய் இன்று அவரது பெயராலேயே 'ஃபார்பர் நோய்' என அழைக்கப்படுகின்றது. அக்கொழுப்பைச் சிதைக்க வேண்டிய நொதியம் ஒன்று உடலில் போதியளவு செயற்படாமையே அதற்குக் காரணம் என்பது 1972இல் தெரியவந்தது. நுரையீரலையும் சதையியையும் பாதிக்கும் பரம்பரை நோயொன்றிலும் அவர் ஆய்வு செய்தார். அது உடலின் பல சுரப்பிகளைப் பாதிக்கும் நோய் எனக் கண்டு, 1940களில் 'மியூகோவிசிடோசிஸ்' என்ற பெயரை அதற்குச் சூட்டியவரும் அவரே. மிகச் சிலரையே பீடிக்கும் நோய்க்காக நேரத்தையும் பணத்தையும் செலவிடுவானேன் என்று அவர் எண்ணவில்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

ஆயினும், குருதிப் புற்றுநோயே அவரை அதிகம் அலைக்கழித்தது. அக்காலத்தில் இந்நோய் கண்ட குழந்தைகள் சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் இறந்து விடுவர். ஃபோலிக் அமிலம் எனும் விற்றமின் சிலவகைக் குருதிச்சோகையைக் குணப்படுத்துவது அறியப்பட்டிருந்தமையால், அதனையொத்த சேர்மங்கள் இக்குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்க்கப்பட்டன. விளைவு எதிர்மாறானது. நோய் முன்னரிலும் வேகமாகப் பரவியதாகவே தோன்றியது. நம்பிக்கையோடு ஒப்படைக்கப்பட்ட குழந்தைகள் விடயத்தில் நிகழ்ந்த இத்தவறு, இன்றைய ஆராய்ச்சி ஒழுக்க விதிகளின் முன்னால் கடும் கேள்விகளுக்கு உள்ளாகியிருக்கும். ஆனால் ஃபார்பர் அதனை மறைக்கவில்லை. அவ்விற்றமின் நோயை வளர்க்குமாயின், அதனைத் தடுக்கும் பொருள் நோயை ஒடுக்குமல்லவா என்ற வினாவை அதிலிருந்தே எழுப்பினார்.

அவ்வாறான பொருளை அவருக்கு வழங்கியவர் ஒரு தென்னிந்தியர். ஆந்திரத்தின் பீமாவரத்தில் 1895இல் பிறந்த எல்லப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தமையால் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுமையான பட்டத்துக்குப் பதிலாகத் தரத்தில் குறைந்த சான்றிதழையே பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று, லெடர்லி ஆய்வுகூடத்தில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். அதனைத் தடுக்கும் அமினோப்டெரினும், இன்றும் உலகெங்கும் பயன்படும் மெதோட்ரெக்சேற்றும் அந்த ஆய்வுகூடத்திலிருந்தே வெளிவந்தன.

1947இன் இறுதியில் ஃபார்பர் அமினோப்டெரினைப் பயன்படுத்தத் தொடங்கினார். 16 குழந்தைகளுள் 10 பேரிடம் நோய் பின்வாங்கியது. படுக்கையிற் கிடந்தவர்கள் எழுந்து நடமாடினர். 1948 ஜூனில் இம்முடிவுகள் வெளியானபோது பாராட்டைக் காட்டிலும் ஐயமே மேலோங்கியிருந்தது. சாகும் குழந்தைகளை நிம்மதியாகச் சாகவிடாமல் வருத்துவதாகச் சக வைத்தியர்களே குறை கூறினர். அக்குற்றச்சாட்டில் உண்மையே இல்லையென்றும் சொல்லிவிட முடியாது. ஏனெனில், அக்குழந்தைகளுக்குக் கிடைத்தது தற்காலிக விடுதலையே. நோய் மீண்டும் வந்தது. ஆயினும், மருந்தினால் இந்நோயைப் பின்வாங்கச் செய்ய முடியும் என்பது அன்று நிரூபணமாயிற்று. கட்டுரை வெளிவந்த இரு மாதங்களில் சுப்பாராவ் காலமானார். பின்வந்த ஆய்வாளர்கள் பல மருந்துகளை ஒன்றுசேர்த்து, ஆண்டுக்கணக்கில் தொடரும் சிகிச்சை முறைகளை வகுத்தனர். நமது முற்றங்களிலும் மயானக் கரைகளிலும் பூத்துக் கிடக்கும் பட்டிப்பூவிலிருந்து பெறப்படும் வின்கிறிஸ்ரினும் அவற்றுள் ஒன்றாகும். குழந்தைகளை அதிகம் பீடிக்கும் குருதிப் புற்றுநோய் வகையில் இன்று செல்வந்த நாடுகளில் 10 பேரில் சுமார் 9 பேர் பிழைக்கின்றனர்.

மருந்தைக் கண்டறிவதுடன் தமது பணி முடிந்ததாக ஃபார்பர் கருதவில்லை என்பதே அவரது வரலாற்றின் மிக முக்கியமான அம்சமாகும். 1948 மேயில் 'ஜிம்மி' என்ற புனைபெயருடன் நோயாளிச் சிறுவன் ஒருவன் வானொலியில் தனக்குப் பிரியமான பேஸ்போல் வீரர்களுடன் உரையாடினான். அதனைக் கேட்ட மக்கள் 2 இலட்சம் டொலர்களுக்கும் அதிகமாக அனுப்பி வைத்தனர். அந்நிதியத்தின் துணையுடன், வைத்தியர், தாதியர், சமூகப் பணியாளர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் குழந்தையையும் குடும்பத்தையும் சேர்த்துப் பராமரிக்கும் முறையை ஃபார்பர் வளர்த்தார். இறந்துவிட்டதாகப் பலரும் நம்பியிருந்த அச்சிறுவன் உயிருடன் இருப்பது 1998இலேயே பகிரங்கமாகியது. பொதுமக்களின் கொடை மட்டும் போதாது என்பதையும் ஃபார்பர் அறிந்திருந்தார். சமூக சேவையாளர் மேரி லாஸ்கருடன் இணைந்து, புற்றுநோய் ஆய்வுக்கு அரசு நிதியளிக்க வேண்டுமென அமெரிக்க காங்கிரஸில் வாதாடினார். 1971 டிசெம்பரில் தேசிய புற்றுநோய்ச் சட்டம் நிறைவேறியது. 1973இல் அவர் காலமானார்.

அவர் வென்றெடுத்த இந்த இரண்டாவது அம்சமே இன்று நெருக்கடிக்கு உள்ளாகியிருக்கின்றது. 1999 முதல் சிறுவர்களின் மூளைக் கட்டிகளுக்கான பரிசோதனைச் சிகிச்சைகளை ஒருங்கிணைத்து வந்த வைத்தியசாலைக் கூட்டமைப்புக்கான நிதியை 2026 மார்ச்சுக்குப் பின்னர் தொடரப் போவதில்லை என அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவனம் 2025இல் அறிவித்தது. இலாபம் தராத நோய்களில் மருந்துக் கம்பனிகள் தாமாக முதலிடுவதில்லை. அரசும் கைவிடுமாயின் அக்குழந்தைகளுக்கு வேறு போக்கிடம் ஏது?

நமது நாட்டின் நிலைமை இதிலிருந்து வேறுபட்டது. இங்கு புதிய மருந்தைக் கண்டறிவதிலும் பார்க்க, உள்ள மருந்தைத் தடையின்றி வழங்குவதே பிரச்சினையாகவுள்ளது. 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது ஏனைய மருந்துகளுடன் புற்றுநோய் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு நிலவியமை மறக்கக் கூடியதல்ல. இரண்டு, மூன்று ஆண்டுகள் இடைவிடாது தொடர வேண்டிய சிகிச்சை இடையில் அறுபடுமாயின் நோய் திரும்பக்கூடும். சிகிச்சை இலவசமே. ஆனால் மட்டக்களப்பிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ மகரகம வைத்தியசாலைக்குப் பிள்ளையைத் தூக்கி வரும் தாயின் பயணச் செலவும், தந்தை இழக்கும் நாட்கூலியும், சிங்களம் அறியாத பெற்றோர் படும் இடர்களும் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. வறிய நாடுகளில் பிள்ளைகள் இறப்பதற்கு, சிகிச்சையை இடைநடுவில் கைவிடுவதும் ஒரு பிரதான காரணமாகும்.

நமது மக்கள் கொடுக்கத் தயங்குபவர்களல்லர். தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011இல் நாட்டின் தென்முனையிலிருந்து வடமுனை வரை மக்கள் நடந்து நிதி திரட்டினர். மகரகம வைத்தியசாலைக்கு நவீன ஸ்கேன் இயந்திரம் பெற்றுக்கொடுப்பதற்காக 2016இல் கதீஜா அறக்கட்டளை முன்னெடுத்த முயற்சிக்குச் சகல இனத்தவரும் அள்ளி வழங்கினர். ஆனால் கட்டடமும் இயந்திரமும் ஒருமுறை வாங்கப்படுபவை. மருந்து மாதந்தோறும் வாங்கப்பட வேண்டியது. அது அரசின் வரவு செலவுத் திட்டத்திலேயே உறுதிப்படுத்தப்பட வேண்டும்.

அரிய பரம்பரை நோய்கள் குறித்தும் நாம் மனந்திறந்து பேச வேண்டியுள்ளது. ஃபார்பர் நோய் போன்றவற்றில், பழுதுற்ற பரம்பரையலகைத் தாயும் தந்தையும் நோயின்றியே சுமந்திருப்பர். அத்தகைய பெற்றோருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு நான்கில் ஒன்றாகும். நெருங்கிய உறவினர் மணமுடிக்கும்போது இவ்வாறான இருவர் இணையும் சாத்தியம் அதிகம். மச்சான் மச்சாள் உறவில் மணமுடிக்கும் வழக்கம் தமிழ், முஸ்லிம் சமூகங்களில் இன்னும் அற்றுப்போகவில்லை. எவரையும் குற்றஞ்சாட்டுவதற்காக இது கூறப்படவில்லை. காரணம் தெரியாமல் ஒரு பிள்ளையை இழந்த குடும்பம், 'விதி' என்று அமைதியடையாமல், அடுத்த பிள்ளைக்கு முன்னதாக வைத்திய ஆலோசனை பெறுவது நன்று.

2030ஆம் ஆண்டளவில் புற்றுநோய் கண்ட சிறுவர்களில் குறைந்தது 60 சதவீதத்தினரையாவது காப்பாற்றுவதென உலக சுகாதார ஸ்தாபனம் 2018இல் இலக்கு வகுத்தது. அதற்கு இன்னும் சில ஆண்டுகளே எஞ்சியுள்ளன. மருந்துக் கொள்வனவு முன்கூட்டியே திட்டமிடப்பட வேண்டும். வடக்கு, கிழக்கு உள்ளிட்ட தூரப் பிரதேசங்களிலேயே சிகிச்சையின் ஒரு பகுதியையேனும் பெறுவதற்கு வழிசெய்யப்பட வேண்டும். தங்குமிடமும் பயணக் கொடுப்பனவும் மொழி உதவியும் சிகிச்சையின் அங்கங்களாகவே கருதப்பட வேண்டும். 1947இல் பொஸ்டனில் மாண்ட குழந்தைகளுக்கு மருந்து இருக்கவில்லை. இன்று மருந்து இருந்தும் ஒரு குழந்தை மாளுமாயின், அதற்கு நோயை மட்டும் காரணங்காட்டி எவரும் தப்பிவிட முடியாது.