தொடுவதற்கும் ஒரு கல்வி வேண்டும்

(இளம் அறிவியல் – விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

என் தாத்தா பள்ளிக்கூடத்து வாசற்படியை மிதித்தவர் அல்லர். பழநி அடிவாரத்தில் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தவர். என் தந்தை எட்டாம் வகுப்போடு நின்று மூட்டை தூக்கப் போனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் காலடி எடுத்து வைத்த முதல் ஆள் நான்தான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நான் சொல்ல வந்த கருத்து அந்தக் குதிரை லாயத்தில்தான் பிறந்தது. அதனால் சொல்கிறேன்.

மாலையில் வண்டியை அவிழ்த்ததும் தாத்தா தமக்குச் சோறு கேட்கமாட்டார். முதலில் குதிரை, பிறகுதான் மனிதர். வைக்கோலைப் புரியாகச் சுருட்டி வியர்வையைத் துடைப்பார். பின்பு உள்ளங்கையை வைத்துக் கழுத்து, பிடரி, தோள், முன்னங்கால் என்று மெல்ல உருவிக்கொண்டே வருவார். திடீரென்று ஓரிடத்தில் கை நின்றுவிடும். "இங்க தொட்டுப் பாரு கண்ணு, சூடா இருக்குது" என்பார். நானும் கை வைப்பேன். எனக்கு ஒன்றும் தெரியாது. "தெரியலையே தாத்தா" என்றால், "தொட்டுத் தொட்டுத்தான் தெரியும்" என்பார். அவர் நடத்திய பாடம் அவ்வளவுதான்.

குதிரைக்குப் பிடித்துவிட்ட அதே கை மனிதருக்கும் பிடித்துவிட்டது. சுளுக்கு, பிடிப்பு, தோள் வலி என்று வருவோருக்கு நல்லெண்ணெய் தடவி வழித்துவிடுவார். காசு வாங்கமாட்டார். தெருவில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது.

அந்தப் பெயர் ஒரே நாளில் போயிற்று. அண்டை வீட்டு அண்ணன் ஒருவர் மூட்டையோடு இடறி விழுந்து, வீங்கிய கணுக்காலோடு வந்தார். தாத்தா சுளுக்கு என்று எண்ணி இழுத்து வழித்தார். அது சுளுக்கு அன்று, எலும்பு முறிவு. மருத்துவமனைக்குப் போகப் பத்து நாள் தாமதமாயிற்று. அந்த அண்ணன் இன்றும் சாய்ந்துதான் நடக்கிறார். தாத்தா அதன் பிறகு எந்த மனிதருடைய காலையும் தொடவில்லை. குதிரையை மட்டும் தொட்டார். நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அவர் காலமானார். அவர் விரல் நுனியில் இருந்த அறிவு முழுவதும் அவரோடு போயிற்று.

இங்கே இரண்டு இழப்புகள் உள்ளன. தாத்தாவுக்குத் தெரிந்ததை அவரால் எனக்குக் கற்பிக்க முடியவில்லை. தாத்தாவுக்குத் தெரியாததை அவருக்குக் கற்பிக்க யாரும் இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கையின் அறிவை நாம் கல்வியாகக் கருதவில்லை. ஆகவே அதைக் கற்பிக்கும் ஆசிரியர்களையும் உருவாக்கவில்லை. கையால் செய்யும் உடற்சிகிச்சைக்குப் பயிற்சி வேண்டும். அதனினும் முதன்மையாக, அதைக் கற்பிப்பவருக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதே என் தாழ்மையான கருத்து.

"குதிரைக்கும் மனிதனுக்கும் என்ன உறவு?" என்று நண்பர்கள் கேட்கலாம். விலங்கியல் மாணவன் பதில் சொல்கிறேன். மனிதனுக்கு எலும்புகள் 206. குதிரைக்கு ஏறத்தாழ 205. குதிரையின் முன்னங்காலில் நாம் முழங்கால் என்று சொல்வது உண்மையில் அதன் மணிக்கட்டு. பின்னங்காலில் பின்புறம் துருத்தி நிற்பது அதன் குதிகால். குளம்போ நடுவிரலின் நகம். நான்கு நடுவிரல்களின் மேல் நின்று ஓடும் உயிர் அது! இன்னொன்றும் உண்டு. குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. அதன் முன்னங்கால்கள் உடலோடு எலும்பு மூட்டால் இணையவில்லை. தசைகளும் தசைநார்களுமே உடலைத் தொட்டில்போல் தாங்குகின்றன. ஆகவே தோள் தசை இறுகினால் குதிரையின் நடையே மாறிவிடும். தாத்தாவின் கை ஏன் தோளருகே அத்தனை நேரம் நின்றது என்பது எனக்கு இந்தப் பாடத்தைப் படித்தபோதுதான் விளங்கியது.

நிற்க. கையின் அறிவைப் பாடமாக்கிய வெளிநாட்டார் ஒருவரைப் பற்றி இங்குச் சொல்ல வேண்டும். மோஷே ஃபெல்டன்கிரைஸ் என்பவர் 1904-இல் இன்றைய உக்ரைன் நாட்டில் பிறந்தவர். பாரிசில் ஜோலியோ கியூரியின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த இயற்பியலார். ஜூடோ வீரரும் ஆவார். கால் முட்டியில் பட்ட அடி அவரைத் தம் உடலின் அசைவுகளையே ஆராயத் தூண்டியது. வலியின்றி, மெதுவாக, கவனத்தோடு அசைந்து உடலுக்குப் புதிய பழக்கத்தைக் கற்பிக்கும் ஒரு முறையை அவர் வகுத்தார்.

வகுத்ததோடு அவர் நிற்கவில்லை. 1969-இல் டெல் அவிவ் நகரில் 13 பேரைக் கொண்டு ஆசிரியர் பயிற்சி தொடங்கினார். 1975-இல் சான் பிரான்சிஸ்கோவில் சுமார் 65 பேருக்குப் பயிற்சி நடந்தது. 1980-இல் ஆம்ஹர்ஸ்ட் என்னும் ஊரில் இருநூறுக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். அப்பயிற்சி முடியுமுன் அவர் நோயுற்றார், 1984-இல் மறைந்தார். ஆயினும் பயிற்சி அறுந்துபோகவில்லை. அவரிடம் கற்றவர்கள் தொடர்ந்து நடத்தினர். என் தாத்தாவின் கை அவரோடு போயிற்று. ஃபெல்டன்கிரைசின் கை அவருக்குப் பின்னும் இருக்கிறது. வேறுபாடு எங்கே உள்ளது? திறமையில் அன்று, கற்பித்தலில்.

அந்தப் பயிற்சியின் முறையும் நம் சிந்தனைக்குரியது. மாணவன் எடுத்தவுடன் பிறர் உடலில் கை வைப்பதில்லை. தரையில் படுத்துத் தன் உடலின் அசைவை முதலில் அறிகிறான். பிறகு சொல்லால் பிறரை அசையச் செய்யக் கற்கிறான். அதன் பின்னரே கையால் வழிகாட்டுகிறான். இன்று இப்பயிற்சி மூன்று நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய 800 மணி நேரம் நடக்கிறது. 'தொட்டுத் தொட்டுத்தான் தெரியும்' என்ற தாத்தாவின் ஒற்றை வரியை 800 மணி நேரமாக விரித்துப் பாருங்கள்!

1975-இல் சான் பிரான்சிஸ்கோ வகுப்பில் அமர்ந்தவர்களுள் ஒருவர் லிண்டா டெல்லிங்டன் ஜோன்ஸ். 1937-இல் கனடாவில் பிறந்த குதிரையேற்றப் பயிற்சியாளர். அவருடைய பாட்டனார் ரஷ்யாவில் பந்தயக் குதிரைகளைப் பழக்கியவர் என்றும், குதிரைக்கு உருவிவிடும் கலை அவர் வழியே தம் குடும்பத்துக்கு வந்தது என்றும் அந்த அம்மையார் கூறியுள்ளார். (இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.) மனிதருக்கென்று கற்ற பாடத்தை அவர் குதிரைக்குக் கொண்டுபோனார். விரல்களால் தோலை ஒன்றேகால் வட்டம் மெல்ல நகர்த்தும் அவருடைய முறை பின்னர் குதிரையிலிருந்து நாய், பூனைக்குப் பரவி, மீண்டும் மனிதருக்கே திரும்பியது. அதைக் கற்பிக்க இன்று பல நாடுகளில் பயிற்சி பெற்றவர்கள் உள்ளனர்.

குதிரையையும் மனிதனையும் ஒரே பயிற்சியில் சேர்ப்பதில் ஓர் அழகிய நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மனிதனுக்கு வாய் உண்டு. "வலிக்கிறது, மெதுவாக" என்பான். ஆகவே தொடக்க மாணவனுக்கு மனிதனே நல்ல பாடப் புத்தகம். ஆனால் மனிதனிடம் ஒரு குறையும் உண்டு. அவன் தாட்சண்யம் பார்ப்பான்! கை முரடாக இருந்தாலும் "பரவாயில்லை, நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிடுவான். குதிரைக்குத் தாட்சண்யம் தெரியாது. பிடிக்கவில்லையென்றால் காதை மடக்கும், வாலை வீசும், விலகி நிற்கும். பிடித்திருந்தால் தலையைத் தாழ்த்தும், கீழுதடு தளரும், பெருமூச்சு விடும். ஓர் ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்க்கச் செய்யும் உயிரிடம் யாரும் பொய்க் கை காட்ட முடியாது. மனிதன் சொல்லிக் கொடுப்பான். குதிரை தேர்வு வைக்கும்.

"இவையெல்லாம் வெறும் நம்பிக்கைதானே?" என்று அறிவியல் மாணவர் கேட்பது முறையே. சான்று உள்ள இடத்தைச் சொல்கிறேன். பிரான்சு நாட்டுக் காமார்க் குதிரைகளை ஆராய்ந்தவர்கள் 1993-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் வருடிக்கொள்ளும் இடம் கழுத்தின் அடிப்பகுதி. அந்த இடத்தை மனிதர் கையால் வருடினாலும் குதிரையின் இதயத் துடிப்பு குறைந்தது. வேறோர் இடத்தை வருடியபோது குறையவில்லை. மனிதரிலும் மென்மையான வருடலுக்கென்றே தனி நரம்பிழைகள் தோலில் உள்ளன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரை மெதுவாக நகரும் கைக்கே அவை நன்கு விடையளிக்கின்றன. தொடுதலை உணரும் புரதங்களைக் கண்டறிந்த ஆய்வுக்கு 2021-இல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. தொடுதல் மூடநம்பிக்கை அன்று, உடலியல்.

ஆனால் எல்லையையும் சொல்ல வேண்டும். வட்டமாகத் தடவினால் உயிரணுக்கள் விழித்தெழும், தீராத நோய் தீரும் என்பனவற்றுக்குப் போதிய சான்று இல்லை. கை வலியைத் தணிக்கலாம், அச்சத்தைப் போக்கலாம், இறுக்கத்தைத் தளர்த்தலாம். முறிந்த எலும்பைக் கை கண்டுபிடிக்காது. நொண்டும் குதிரையைக் கால்நடை மருத்துவரும், வீங்கிய கணுக்காலை மருத்துவரும் முதலில் பார்க்க வேண்டும். 'எப்போது தொடக்கூடாது' என்பதே கையாசிரியர் நடத்த வேண்டிய முதல் பாடம். அந்த ஒரு பாடம் என் தாத்தாவுக்குக் கிடைத்திருந்தால் அந்த அண்ணன் இன்று நேராக நடப்பார்.

நம் நாட்டுக்கு இக்கலை புதிதும் அன்று. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று இதற்குப் பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை சொல்வார்கள். இத்தனை நுட்பமாகப் பெயரிட்ட சமுதாயம் அந்தக் கைகளை ஏன் மதிக்கவில்லை?

உண்மையைச் சொல்லக் கூசக்கூடாது. தொடுவதையே குற்றமாக்கிய சமுதாயம் நம்முடையது. பிறர் உடலைத் தொட்டு ஊழியம் செய்தவரைத் தாழ்த்தி வைத்தோம். தீண்டாமையை 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் ஒழித்தது. கைத்தொழில் பற்றிய இளக்காரத்தை எந்தச் சட்டமும் ஒழிக்கவில்லை. நான் முதலாண்டில் சேர்ந்தபோது "உன் தாத்தா என்ன வேலை பார்த்தார்?" என்று ஒரு நண்பன் கேட்டான். "வியாபாரம்" என்று பொய் சொன்னேன். இன்று இந்த ஏட்டில் அந்தப் பொய்யைத் திரும்பப் பெறுகிறேன்.

செய்ய வேண்டுவன யாவை? பிசியோதெரபிக் கல்லூரிகளும், சித்த மருத்துவக் கல்லூரிகளும், 1903-இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற நிறுவனங்களும் கைகோத்து, மனிதருக்கும் விலங்குக்கும் கைச்சிகிச்சை கற்பிக்கும் ஆசிரியர்களுக்கென ஒரு பயிற்சி தொடங்கலாம். உடற்கூறு அறிந்தவரும் கைப்பழக்கம் உள்ளவரும் ஒரே வகுப்பில் ஒருவருக்கொருவர் ஆசிரியராக அமர வேண்டும். எழுத்துத் தேர்வை மட்டும் வைத்துப் பட்டம் தரக்கூடாது. கற்றவர் இன்னொருவருக்குக் கற்பித்துக் காட்டிய பின்பே சான்றிதழ் தர வேண்டும்.

அவ்வளவு பெரிய காரியம் நம் கையில் இல்லை என்பீர்கள். சரி, சிறியதொன்று நம் கையில் உண்டு. நம் ஊர்ப் பக்கத்தில் குதிரை பழகிய முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கின்றனர். விலங்கியல் மன்றத்தின் சார்பில் அவர்களில் ஒருவரை ஒரு நாள் அழைப்போம். அவர் தொட்டுக் காட்டட்டும். பேராசிரியர் அந்த இடத்துத் தசையின் பெயரைச் சொல்லட்டும். நாம் இருவரிடமும் கற்போம். அவருக்கு ஒரு நாற்காலி போடுவோம். என் தாத்தாவுக்கு யாரும் போடாத நாற்காலி அது.

சென்ற மாதம் விடுமுறையில் அடிவாரத்துக்குப் போயிருந்தேன். ஒரு வண்டிக்காரரிடம் கேட்டுக்கொண்டு அவருடைய குதிரையின் தோளில் கை வைத்தேன். மெதுவாக, நொடிக்குச் சில சென்டிமீட்டர், கழுத்திலிருந்து கீழ்நோக்கி. சிறிது நேரத்தில் அது தலையைத் தாழ்த்திற்று. ஓரிடத்தில் என் கை நின்றது.

அங்கே சூடு இருந்தது. நாளைக்குக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.