வீட்டு முன்னாடி டெக் போடப் போறீங்களா? அதுக்கு முன்னாடி மாண்டஸை ஞாபகப்படுத்திக்கோங்க!

2022 நவம்பர் 27. மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதை திறக்கப்பட்ட நாள். சுமார் 1.14 கோடி ரூபாய் செலவு, 263 மீட்டர் நீளம். மணலில் சக்கரம் புதைஞ்சிடும் என்பதால் அதுவரை தூரத்திலிருந்தே கடலைப் பார்த்துக்கொண்டிருந்த பலர், வீல்சேரிலேயே அலைக்குப் பக்கத்தில் போனார்கள். அந்தப் படங்கள் வைரலானது நியாயம்தான்.

சரியாக 12 நாள். டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்தில் கரையைக் கடந்தது. கடலை ஒட்டிய பகுதியில் பாதை உடைந்து பலகைகள் பெயர்ந்தன. உடனே 'இதெல்லாம் தேவையா?' என்று மீம்ஸ் பறந்தது. தேவைதான். வீல்சேரில் வருகிறவருக்கு அது அலங்காரம் இல்லை, வழி. பிறகு சரிசெய்து திறந்தார்கள். ஆனால் அந்த மீம்ஸ் சத்தத்தில் உருப்படியான ஒரு கேள்வி காணாமல் போச்சு. இந்தக் கரையில் திறந்தவெளியில் எதைக் கட்டினாலும், எப்படிக் கட்டணும்?

கேள்வி மெரினாவோடு முடியவில்லை. சிறுசேரி, படூர், தையூர், கோவளம் பக்கமெல்லாம் ஐ.டி சம்பளத்தை நம்பி இ.எம்.ஐ கட்டி வில்லாவும் தனி வீடும் வாங்குகிற தலைமுறைக்கு இப்போ ஒரு கனவு இருக்கு. வீட்டு முன்னாடி மர டெக், மேலே ஒரு பெர்கோலா, அதன்மேல் பாலிகார்பனேட் ஷீட், சாயங்காலம் காபி. தப்பே இல்லை. ஆனால் அந்த டிசைன் பெரும்பாலும் பனி கொட்டுகிற ஊர்களின் கேட்லாக்கிலிருந்து வருது. வெயிலுக்காகத்தான் அங்கே ஏங்குவார்கள். நமக்கு நிழலுக்குத்தானே ஏக்கம்!

முதலில் வெயில். சந்தையில் அதிகம் விற்கிற டபிள்யூ.பி.சி பலகை, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது. கரையான் அவ்வளவாகத் தொடாது, பராமரிப்பு குறைவு. சரி, மே மாத மதியம் கறுப்பு கலர் பலகைமேல் செருப்பில்லாமல் நடந்து பாருங்கள். வெயிலில் அது நீளவும் செய்யும். இடைவெளி விடாமல் நெருக்கி அடித்தால் நெளிந்து தூக்கிக்கும். அதனால் வெளிர் நிறமே நல்லது. அதைவிட முக்கியம் திசை. நம்ம ஊரில் கடற்காற்று மதியத்துக்கு மேல் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வருது. கிழக்கு முகமாக டெக் இருந்தால் அந்த நேரத்தில் வீடே அதற்கு நிழல் தரும், காற்றும் கிடைக்கும். மேற்கில் போட்ட டெக்கில் 3 மணிக்கு யாரும் உட்கார மாட்டார்கள். துணிதான் காயும்.

அடுத்து உப்பு. கடல் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கே என்று நினைக்க வேண்டாம், காற்றில் வருது. இங்கே மரத்துக்கு முன்னாடி சாவது ஸ்குரூதான். சாதாரண இரும்பு ஆணி சீக்கிரமே துருப்பிடித்து மரத்தையும் கறுப்பாக்கிவிடும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலேயே பழுப்புப் புள்ளி விழும். மாலிப்டினம் கலந்த 316 ரகம்தான் உப்புக்குத் தாங்கும். மொத்தச் செலவில் ஸ்குரூ சின்னப் பங்கு. ஆனால் கான்ட்ராக்டர் மிச்சம் பிடிக்கிற இடமும் அதுதான். அதனால் கொட்டேஷனிலேயே ரகத்தை எழுதி வாங்குங்கள். மரம் என்றால் வைரம் பாய்ஞ்ச கட்டையா என்று பாருங்கள். தேக்கு என்ற பெயருக்காக வெளிப்பக்க வெள்ளைக் கட்டைக்குக் காசு கொடுத்தால் கரையானுக்கு விருந்து வைத்த மாதிரி. டெக்குக்குக் கீழே காற்று போகணும், தரைக்கு வாட்டம் இருக்கணும். வடகிழக்குப் பருவமழைத் தண்ணி அடியில் தேங்கினால் எந்தப் பலகையும் தப்பிக்காது.

இவை இரண்டும் காசுக்கு வரும் நஷ்டம். காற்று அப்படி இல்லை, அது ஆளையே அடிக்கும்.

மாண்டஸ் கரை கடந்தபோது வேகம் மணிக்கு 65-75 கிலோமீட்டர். மெரினாவில் பாதையை உடைத்தது அலை என்பது வேறு விஷயம். 2016-ல் வர்தா மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி வீசியது. காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ் 875, மூன்றாம் பகுதி, சென்னைக்குச் சொல்கிற அடிப்படை வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர்! அதே விதியின் சூத்திரப்படி, மற்ற திருத்தங்களைப் போடுவதற்கு முன், ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ அழுத்தம். 100 சதுர அடி கூரைக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1.4 டன். பாலிகார்பனேட் ஷீட்டின் எடை இதற்குப் பக்கத்தில்கூட வராது.

அதிலும் போர்டிகோ மூன்று பக்கமும் திறந்தது. காற்று உள்ளே புகுந்து கீழிருந்து தள்ளும், மேலே போகிற காற்று உறிஞ்சி இழுக்கும். மழையில் குடை மடங்குமே, அதேதான். ஆனால் நாம் தூணை எப்படி நிறுத்துகிறோம்? டைல்ஸ் மேல் ஒரு தகடு, நாலு சின்ன போல்ட். மேலிருந்து வரும் கனத்தை அது தாங்கும், மேலே தூக்கினால் பிடுங்கிக்கும். தூண் கான்கிரீட் அஸ்திவாரத்துக்குள் இறங்கணும். ஷீட்டிலிருந்து சட்டம், சட்டத்திலிருந்து தூண், தூணிலிருந்து தரை என்று பிடிமானம் எங்கேயும் அறுபடக் கூடாது. 'எங்க வீட்டுக்குக் காத்து இந்தப் பக்கம்தான் வரும்' என்கிற கணக்கும் செல்லாது. வர்தாவின் கண் சென்னையைக் கடந்த நாளில் காற்று ஒரு திசையில் அடித்து, கொஞ்சம் ஓய்ந்து, திரும்பி எதிர்த்திசையில் அடித்ததே!

சிறுசேரியிலிருந்து பக்கத்தில்தான் முட்டுக்காடு தட்சிணசித்ரா. 1996-ல் திறந்தது. பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செல்ஃபி எடுத்த பிறகு திண்ணையில் ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். உயர்த்திக் கட்டிய தளம், தாழ்ந்த இறவாணம், கனமான ஓடு. சாரலும் சாய்ந்த வெயிலும் உள்ளே வராது. கடலோரக் குப்பங்களில் வேறு வழி. வலை பின்ன, மீன் பிரிக்க வாசலில் கீற்றுப் பந்தல். புயலில் முதலில் போவது அதுதான், திரும்பப் போடுவதும் சுலபம். 'அந்தக் காலத்துல எல்லாம் சரியா இருந்துச்சு' என்று உருக எனக்கு இஷ்டமில்லை, ஓடும் பறக்கும், கீற்றும் பறக்கும். ஆனால் இரண்டிலும் ஒரு தெளிவு இருந்தது. ஒன்று கனமாகக் கட்டு, இல்லையென்றால் கழட்டி எடுக்கிற மாதிரி கட்டு. ஆபத்து இரண்டுக்கும் நடுவில்தான். கழட்டவும் முடியாது, காற்றுக்கு நிற்கவும் நிற்காது என்கிற ஷீட் கூரை அது. பிய்ந்து பறந்தால் விழுவது பக்கத்து வீட்டுக் குழந்தை நிற்கிற இடத்தில்.

பட்ஜெட் கம்மி என்றால் பெர்கோலாவுக்கு ஷீட்டே வேண்டாம். நிழல் வலையோ கேன்வாஸோ கட்டுங்கள், புயல் எச்சரிக்கை வந்ததும் அரை மணி நேரத்தில் அவிழ்த்து உள்ளே வைக்கலாம்.

வில்லாவோடு சேர்த்தே டெக் தருகிறேன் என்று பில்டர் சொன்னால், அது விளம்பரத்தில் மட்டும் இருக்கிறதா, ஒப்பந்தத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். ரெரா சட்டத்தின் பிரிவு 14(3)-படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து சுட்டிக்காட்டினால், பில்டர் 30 நாளில் செலவு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். சாவி வாங்கிய பிறகு வெளி ஆளை வைத்து நீங்களே போட்ட டெக்குக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே உங்களிடம் இருப்பது அந்த கொட்டேஷன் பேப்பர் மட்டும்தான்.