வக்காண்டாவில் சுரங்கம் வெட்டுவது யார்?

‘தகுதி’ என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குக் கொஞ்சம் எச்சரிக்கை வந்துவிடும். இட ஒதுக்கீடு என்று யாராவது வாயெடுத்தால் எதிரில் இருப்பவர் முதலில் எடுத்து வீசும் சொல் அது. அதனால்தான், ‘கோடிகளைக் கொட்டி எடுக்கும் சூப்பர் ஹீரோ படங்கள் இவ்வளவு புகழுக்குத் தகுதியானவையா?’ என்று யாராவது கேட்டால், கேட்பவர் யார், யாருடைய ரசனையை வைத்து அளக்கிறார் என்று பார்க்கத் தோன்றுகிறது.

2019இல் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி, மார்வெல் படங்கள் சினிமாவே அல்ல, கேளிக்கைப் பூங்கா மாதிரி என்றார். இந்தப் படங்கள் எல்லாத் திரையரங்குகளையும் அடைத்துக்கொண்டால் மற்றப் படங்கள் எங்கே போகும் என்ற அவருடைய கவலை நியாயமானது. ஆனால் நம் ஊர் ‘உலக சினிமா’ நண்பர்கள் சிலர் அதே வாசகத்தைச் சொல்லும்போது அதில் இன்னொரு வாடையும் வருகிறது. டப்பிங் படத்துக்கு விசிலடிப்பவனின் ரசனையை மட்டம் தட்டும் வாடை. அந்த வரிசையில் போய் நிற்க நமக்கு விருப்பமில்லை.

அதே ஆண்டு ஏப்ரலில் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ தமிழிலும் வந்தது. அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல், ஏ.ஆர். முருகதாஸ் வசனம். குரல் ஒட்டவே இல்லை என்று ரசிகர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஓர் அமெரிக்க ஆயுத வியாபாரி எந்தக் குரலில் தமிழ் பேச வேண்டும் என்பதில் நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு உறுதியான கருத்து இருந்தது. அந்த அளவுக்கு அவன் வீட்டு ஆளாகிவிட்டான்.

நாங்கள் மாலை வகுப்பு நடத்தும் காலனியில் எட்டாம் வகுப்புப் பையன்கள் இரண்டு கைகளையும் நெஞ்சில் குறுக்காக வைத்து வக்காண்டா வணக்கம் போடுகிறார்கள். ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன தாத்தாக்களின் பேரன்கள் இவர்கள். அவர்கள் நெஞ்சை நிமிர்த்துவதைப் பார்த்துவிட்டு, ‘இதெல்லாம் கார்ப்பரேட் மாயை தம்பி’ என்று பாடம் எடுக்க நமக்கு வாய் வராது.

இந்த வகைக் கதையைத் தொடங்கி வைத்தவர்களும் அப்படிப்பட்ட பையன்கள்தான். 1938இல் சூப்பர்மேனை வெளியே கொண்டுவந்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். பள்ளியில் சந்தித்துக்கொண்ட நண்பர்கள். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆரம்பகாலச் சூப்பர்மேன் யாரை அடித்தான் தெரியுமா? மனைவியை அடிக்கும் கணவனை. ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ மூன்றாம் இதழில் அவன் சுரங்கத் தொழிலாளி வேடத்தில் போகிறான். பாதுகாப்பில்லாத சுரங்கத்தை நடத்தும் முதலாளியையும், அவர் வீட்டு விருந்துக்கு வந்த பணக்காரர்களையும் அதே சுரங்கத்துக்குள் சிக்கவைக்கிறான். மூச்சுத் திணறிய பிறகுதான் முதலாளிக்குப் புத்தி வருகிறது.

அந்தச் சுரங்க முதலாளி பிறகு எங்கே போனார்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கடந்த இருபதாண்டுப் படங்களைப் பார்த்தால் பெரும்பாலானவை நம் கையில் தேறவில்லை. எதிரி விண்வெளியிலிருந்து வருகிறான். நகரம் இடிகிறது. மக்கள் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். ஆறேழு பேர் சேர்ந்து காப்பாற்றுகிறார்கள். இடிந்த வீடுகளில் யார் வாடகைக்கு இருந்தார்கள், அவர்களை எங்கே கொண்டுபோய்க் குடிவைத்தார்கள் என்று எந்தப் படமும் நின்று பார்ப்பதில்லை. கூட்டம் கூட்டமாகவே இருந்துவிடுகிறது. மீட்பர் மட்டும் பெயரோடு இருக்கிறார். அவரும் ஒன்று கடவுளின் மகன், அல்லது கோடீஸ்வரனின் மகன். சக்தி என்பது பிறப்பிலோ சொத்திலோ வரும் என்ற கதையைக் கேட்க நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை.

ஆனால் ‘பிளாக் பேந்தர்’ படத்தை இந்தக் கணக்கில் சேர்த்துத் தள்ளிவிட முடியாது. அந்தப் பெயரோடு நமக்கு ஓர் உறவு இருக்கிறது.

காமிக்ஸில் பிளாக் பேந்தர் முதலில் வந்தது 1966 ஜூலை இதழில். உருவாக்கியவர்கள் ஸ்டான் லீ, ஜாக் கர்பி. அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரத்தில் ஹியூ நியூட்டனும் பாபி சீலும் கருஞ்சிறுத்தைகள் கட்சியைத் தொடங்கினார்கள். ஒன்றைப் பார்த்து இன்னொன்று வைத்த பெயர் அல்ல. கட்சியின் சின்னம் அலபாமாவில் கறுப்பின வாக்காளர்கள் கட்டிய ஓர் அமைப்பிடமிருந்து வந்தது. ஆனால் கட்சி வளர வளர மார்வெலுக்குச் சங்கடம். 1972இல் ஓர் இதழில் தன் நாயகனுக்கு ‘பிளாக் லெப்பர்ட்’ என்று பெயரை மாற்றிவிட்டது. ‘பேந்தர்’ என்றால் அரசியல் அர்த்தம் வருகிறது என்று அந்தப் பாத்திரத்தின் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். கொஞ்ச நாளில் பழைய பெயர் திரும்பிவிட்டது என்பது வேறு விஷயம்.

அதே 1972இல்தான் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார், ராஜா டாலே போன்ற இளைஞர்கள் அந்தப் பெயரை அரசியலுக்காகவே எடுத்துக்கொண்டார்கள். தலித் பேந்தர்ஸ் பிறந்தது. மதுரையில் மலைச்சாமி முன்னெடுத்த தலித் பேந்தர் இயக்கம்தான் பின்னர் தொல். திருமாவளவன் தலைமையில் விடுதலைச் சிறுத்தைகளானது. ஒரு கம்பெனி பயந்துபோய்க் கீழே வைத்த சொல்லை நம்மவர்கள் கையில் எடுத்தார்கள். ‘பேந்தர்’ என்றதும் அமெரிக்கப் பையனுக்கு ஒரு முகமூடி ஞாபகம் வரலாம். நம் காலனிப் பையனுக்கு முதலில் ஞாபகம் வருவது சுவரெழுத்து.

2018 பிப்ரவரியில் வந்த படத்தை எடுத்தவர் ரையன் கூக்லர். ஓக்லாந்தில் பிறந்தவர், அப்போது அவருக்கு 31 வயது. சுமார் 20 கோடி டாலர் செலவு, 130 கோடி டாலருக்கும் மேல் வசூல். ஹார்லெம் பகுதிக் குழந்தைகளைப் படத்துக்கு அழைத்துப்போக நிதி திரட்டினார்கள். அது மற்ற ஊர்களுக்கும் பரவியது. ஆடை வடிவமைப்புக்காக ரூத் கார்ட்டரும், தயாரிப்பு வடிவமைப்புக்காக ஹானா பீச்லரும் ஆஸ்கர் வாங்கினார்கள். அந்தந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பினத்தவர்கள் அவர்கள். யாராலும் அடிமைப்படுத்தப்படாத ஓர் ஆப்பிரிக்க நாட்டைத் திரையில் கட்டிக் காட்டியதற்கு இந்தப் புகழ் தகும். இதில் நமக்குச் சந்தேகமே இல்லை. இதே நாள்களில் இன்னொன்றும் நடந்தது. சவுதி அரேபியா முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு பொதுத் திரையரங்கு திறந்தபோது, 2018 ஏப்ரலில், முதலில் போட்ட படம் இதுதான். மன்னராட்சிக்கு இந்தப் படத்தால் எந்த உறுத்தலும் இல்லை.

ஏன் இல்லை என்பதைப் படத்துக்குள்ளேயே பார்க்கலாம். வக்காண்டா உலகிலேயே முன்னேறிய நாடு, ஆனால் ஆள்வது ராஜா. அரியணைக்குச் சவால்விட ராஜ ரத்தமோ குலத் தலைமையோ வேண்டும். வில்லன் கில்மாங்கர் ஓக்லாந்தின் ஏழைக் குடியிருப்பில் தகப்பனை இழந்து வளர்ந்தவன். உலகெங்கும் ஒடுக்கப்பட்ட கறுப்பின மக்களுக்கு வக்காண்டாவின் ஆயுதங்களைக் கொடுப்போம் என்கிறான். அவனும் இளவரசனின் மகன் என்று நிரூபித்த பிறகுதான் சபையில் அவன் பேச்சு எடுபடுகிறது. கலகம் செய்யக்கூட வம்சம் கேட்கிறது கதை. நாட்டின் செல்வம் முழுக்க வைப்ரேனியம் என்ற உலோகத்திலிருந்து வருகிறது. சுரங்கம் பளபளவென்று இருக்கிறது, ரயில்கள் பறக்கின்றன. அதை வெட்டி எடுப்பவர் யார், அவருக்கு என்ன கூலி, அவர் மகளுக்கு இளவரசியின் ஆய்வுக்கூடத்தில் இடம் உண்டா? சூப்பர்மேன் எண்பது வருடம் முன்பு இறங்கிப் பார்த்த சுரங்கத்துக்குள் இந்தப் படம் இறங்கவில்லை.

எங்கள் வட்டத்தில் படம் போட்டுப் பேசியபோது ஒரு கல்லூரி மாணவி, “அந்த வில்லன் கேக்கறது சரிதானே தோழர்?” என்றார். சரிதான். அதனால்தான் படம் அவனைக் கெட்டவனாக்க அவ்வளவு பாடுபடுகிறது. காதலியைச் சுடுகிறான், வயதான பூசாரி அம்மாவின் கழுத்தைப் பிடிக்கிறான். கோரிக்கையோடு வாதாட முடியாதபோது கோரிக்கை வைப்பவனின் நடத்தையைக் காட்டுவது நமக்குப் பழகிய உத்தி. ஒவ்வொரு வன்கொடுமைக்குப் பிறகும் ‘அந்தப் பையன் எப்படிப்பட்டவன் தெரியுமா?’ என்று கிளம்பும் பேச்சு ஞாபகம் வருகிறதா? கடைசியில் ஆயுதம் ஏற்றிப் போகும் விமானங்களைச் சுட்டு வீழ்த்துவது ஒரு சிஐஏ அதிகாரி. படத்தில் அவர் நல்லவர். காங்கோவின் முதல் பிரதமர் லுமும்பாவைக் கொல்ல சிஐஏ திட்டம் போட்டதை அமெரிக்க செனட் குழுவே 1975இல் வெளியிட்டது. ஆப்பிரிக்கா பற்றிய படத்தில் இப்படி ஒரு கதாபாத்திரத்தை வைத்ததை நம்மால் விழுங்க முடியவில்லை.

சமூகப் பணியில் இருப்பவர்களுக்கு இந்தப் படத்தில் சொந்தம் என்றால் அது நாக்கியா. முதலில் அவரைக் கடத்தப்பட்ட பெண்களோடு பெண்ணாக, மாறுவேடத்தில் பார்க்கிறோம். வெளியே மக்கள் துன்பப்படும்போது கதவைச் சாத்திக்கொண்டு வாழ முடியாது என்று ராஜாவிடம் ஆரம்பத்திலேயே சொல்பவர் அவர்தான். கடைசியில் ராஜா செய்வது அவர் சொன்னதைத்தான்: ஓக்லாந்தில் கட்டடங்களை வாங்கி ஒரு சேவை மையம் திறக்கிறார். நாக்கியாவுக்கு அதில் பொறுப்பு கிடைக்கிறது, ஐ.நா. மேடை ராஜாவுக்குக் கிடைக்கிறது. என்.ஜி.ஓ. வேலையில் இருக்கும் தோழியர் சிரிப்பார்கள், இது அவர்களுக்குத் தெரிந்த கதை.

1943இல் பூனாவில் ரானடே பற்றிப் பேசும்போது அண்ணல் அம்பேத்கர், மாமனிதர் என்பவர் யார் என்று நீண்ட விளக்கம் தருகிறார். சமூக நோக்கத்தால் உந்தப்பட்டு, சமூகத்துக்குச் சாட்டையாகவும் அதன் அழுக்கை அகற்றும் துப்புரவாளராகவும் இருப்பவரே மாமனிதர் என்பது அவர் கருத்தின் சாரம். உலகைக் காப்பாற்றும் இத்தனை நாயகர்களில் துப்புரவு என்ற சொல்லைத் தன் பட்டமாக ஏற்க எவன் முன்வருவான் என்று யோசித்துப் பாருங்கள்.

திரைக்குப் பின்னாலும் சுரங்கம் உண்டு. சூப்பர்மேனின் உரிமையைச் சீகலும் ஷுஸ்டரும் விற்றது 130 டாலருக்கு. 1975இல் விஷயம் பத்திரிகைகளில் அடிபட்ட பிறகுதான் வார்னர் நிறுவனம் அவர்களுக்கு ஓய்வூதியம் கொடுத்தது. பிளாக் பேந்தரை வரைந்த கர்பியின் குடும்பம் உரிமைக்காக வழக்காடி, அவர் இறந்து இருபது ஆண்டு கழித்து, 2014இல்தான் மார்வெலுடன் சமரசம் கண்டது. இன்றைய படங்களில் பாதி உழைப்பு கணினி வரைகலைக் கலைஞர்களுடையது. கெடு நெருங்க நெருங்க இரவு பகல் பாராமல் வேலை வாங்குகிறார்கள் என்று அவர்கள் வெளிப்படையாகப் பேசத் தொடங்கி, 2023 செப்டம்பரில் மார்வெலின் வரைகலைப் பணியாளர்கள் ஒருமனதாக வாக்களித்துச் சங்கம் அமைத்தார்கள். அவெஞ்சர்ஸ் கூட்டணியைவிட எங்களுக்குப் பிடித்த கூட்டணி இது. இந்த வேலையில் ஒரு பங்கு சென்னை, மும்பை, பெங்களூரு அலுவலகங்களிலும் நடக்கிறது. 2025 தொடக்கத்தில் டெக்னிகலர் நிறுவனம் கவிழ்ந்தபோது இந்தியாவில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். படம் முடிந்து ஓடும் பெயர்ப் பட்டியலில் தமிழ்ப் பெயர்களைத் தேடிக் கைதட்டும் தம்பிகள், அந்தப் பெயருக்குச் சம்பளம் வந்ததா என்றும் கேட்கலாம்.

இனி இன்னொரு படம். சிகாகோவில் கருஞ்சிறுத்தைகள் கட்சியின் இல்லினாய் கிளைக்குத் தலைவராக இருந்த ஃபிரெட் ஹாம்ப்டன், ஏழை வெள்ளையர்களையும் புவர்ட்டோ ரிக்கோ இளைஞர்களையும் கறுப்பின மக்களோடு ஒரே அணியில் சேர்த்தவர். குழந்தைகளுக்கு இலவசக் காலை உணவு போட்ட கட்சி அது. 1969 டிசம்பர் 4 விடியற்காலையில் போலீஸ் வீடு புகுந்து, படுக்கையில் இருந்தவரைச் சுட்டுக் கொன்றது. வீட்டின் வரைபடத்தைக் கொடுத்தவர் எஃப்பிஐ கட்சிக்குள் வைத்திருந்த ஆள்காட்டி. ஹாம்ப்டனுக்கு வயது 21.

இந்தக் கதை 2021இல் ‘ஜூடாஸ் அண்ட் தி பிளாக் மெசையா’ என்று படமானது. தயாரித்தவர்களில் ஒருவர் அதே ரையன் கூக்லர். ஹாம்ப்டனாக நடித்து ஆஸ்கர் வாங்கிய டேனியல் கலூயா, ‘பிளாக் பேந்தர்’ படத்தில் ராஜாவின் நண்பனாக வந்தவர். கொரோனா காலம், திரையரங்குகள் பாதி மூடிக்கிடந்தன என்பதையெல்லாம் கழித்துவிட்டே பாருங்கள்: உலகம் முழுக்கத் திரையரங்கு வசூல் ஒரு கோடி டாலரைத் தொடவில்லை. நம் வட்டங்களில் அடுத்த முறை ‘பிளாக் பேந்தர்’ போடுகிறவர்கள் இதையும் கையோடு வாங்கி வைத்து, மறுநாள் மாலையே போடுங்கள். முதல் படத்துக்கு வந்த பையன்களில் எத்தனை பேர் இரண்டாவதுக்கும் வருகிறார்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள்.