தென்னைக்குப் பல்லாண்டு, பேக்கேஜுக்கு ஓராண்டு

பேராவூரணிப் பக்கம் நெட்டைத் தென்னை வைப்பவர் காய்ப்பைப் பார்க்க ஆறேழு ஆண்டு பொறுக்க வேண்டும். ரகங்களை ஒப்பிடும் ஆய்வென்றால் காய்ப்பு நிலைப்பட இன்னும் பல ஆண்டு. அந்த விளைச்சலைக் கணக்குப் போட உதவும் ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழிக்கோ ஏறத்தாழ ஒவ்வோர் ஏப்ரலிலும் புதுப் பதிப்பு வந்துவிடுகிறது. விண்டோஸ் கணினியில் ஒவ்வொரு பதிப்புக்கும் பேக்கேஜ், அதாவது அதில் சேர்த்துக்கொள்ளும் துணைநிரல் தொகுப்பு, இருக்கும் ஃபோல்டர் தனி; புதிய ஆர் ஏறியதும் பழைய பேக்கேஜ்கள் அதன் கண்ணில் படுவதில்லை. மறுபடி இன்ஸ்டால் செய்தால் வருவது அன்றைய புது வடிவம். யாரும் முடிவெடுக்காமலேயே ஆய்வின் நடுவில் அளவுகோல் மாறிப்போகிறது. அதனால் வேப்பங்குளம், ஆடுதுறை போன்ற ஆராய்ச்சி நிலையங்களும் வேளாண் கல்லூரிகளும் வயல் பதிவேட்டோடு பேக்கேஜ் பெயர், பதிப்பு எண் பட்டியலையும் கட்டாயமாகச் சேர்த்து வைக்க வேண்டும்.

சராசரியும் பிழை வர்க்கமும் பதிப்புக்குப் பதிப்பு மாறுமா என்று கேட்பார்கள். மாறாது, பெரும்பாலும். ஆனால் வயல் ஆய்வு கூட்டல் கழித்தலில் தொடங்குவதில்லை. எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்று குலுக்கிப் போடுவதில் தொடங்குகிறது. 2019 ஏப்ரலில் வந்த 3.6.0 பதிப்பில் அந்தக் குலுக்கல் முறையே மாறியது. பழைய முறையில் சிறு சாய்வு இருந்தது, திருத்தியது நியாயம்தான். விளைவு என்னவென்றால், அதே தொடக்க எண்ணைக் கொடுத்தாலும் 2018-இல் வந்த வயல் வரைபடம் இன்று வராது. பழைய முறையைக் கேட்டு வாங்க ஆரிலேயே வழியுண்டு. எந்தப் பதிப்பில் குலுக்கினோம் என்று தெரிந்தவர்தான் கேட்க முடியும். வரைபட வேலையில் இன்னும் மோசம். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த வட்டாரத் தோப்புகளைச் சாய்த்தபோது, ஆரில் நிலவரைபடம் போடுகிறவர்கள் பரவலாக நம்பியிருந்தது ஆர்ஜிடால் பேக்கேஜை. 2023 அக்டோபரில் அது பொதுக் களஞ்சியமான கிரானிலிருந்து விலக்கப்பட்டுப் பழைய கோப்பறைக்குப் போய்விட்டது. அன்று எழுதிய நிரலைப் புதுக் கணினியில் ஓட்டினால் முதல் வரியிலேயே நிற்கும்.

அப்படியானால் அப்டேட்டே செய்யாமல் இருந்துவிடலாமே என்பது இன்னொரு வாதம். அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க் போகும் நாள்வரை அது சரி. பிழைத் திருத்தங்களும் அதுவரை வந்து சேராது. பட்டியல் வைப்பது மாணவர்களுக்குச் சுமை என்ற வாதமும் நிற்காது. ‘செஷன்இன்ஃபோ’ என்ற ஒரே கட்டளை, பயன்பாட்டில் இருக்கும் பேக்கேஜ்களின் பதிப்புகளைக் காட்டிவிடும். ‘ஆர்என்வ்’ பேக்கேஜ் அதையே ஒரு சிறு கோப்பாக எழுதிவைத்து, பின்னொரு நாளில் அதே பதிப்புகளை மீட்டுத் தர முயலும். இதிலும் குறையுண்டு: ஆர் மொழியின் பதிப்பை அது குறித்துவைக்குமே தவிர, ஆரை இன்ஸ்டால் செய்து தராது. கிரானின் அன்றாட நகல்களைச் சேமித்துவந்த மைக்ரோசாஃப்டின் எம்ரான் சேவையும் 2023 ஜூலையில் மூடப்பட்டது. எனவே பட்டியலோடு பேக்கேஜ் கோப்புகளையும் அந்தப் பதிப்பு ஆரையும் நிலையத்திலேயே ஒரு வட்டில் வைத்துக்கொள்வதே மேல். அதற்குப் பெரிய செலவு ஆகாது.