ஒரு சோதனை போதுமா?

கருவுற்ற பெண்களுக்குச் செய்யப்படும் இரத்தப் பரிசோதனைகளுள் வி.டி.ஆர்.எல். என்பதும் ஒன்று. சிபிலிஸ் எனும் மேகநோயைக் கண்டறிவதே அதன் நோக்கம். முடிவு 'பாசிட்டிவ்' என வந்தவுடன் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் ஐயுற்றுக் குடும்பத்தைக் குலைத்துக்கொள்ளலாகாது. இச்சோதனை கிருமியை நேரடியாகக் காட்டுவதில்லை. கார்டியோலிபின் எனும் கொழுப்புப் பொருளுக்கு எதிராக இரத்தத்தில் தோன்றும் எதிர்ப்பொருளையே காட்டுகிறது. மலேரியா, தொழுநோய், லூபஸ் போன்ற நோய்களிலும், சில வேளைகளில் கர்ப்ப காலத்திலும் அது தோன்றக்கூடும்.

ஆகவே, கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளை ஆராயும் டி.பி.எச்.ஏ. சோதனையால் உறுதி செய்துகொள்வது அவசியம். நோய் உறுதியானாலும் கலங்க வேண்டாம். உரிய காலத்தில் போடப்படும் பென்சிலின் ஊசி தாயைக் குணப்படுத்தும். வயிற்றிலுள்ள சிசுவையும் காக்கும். கணவரும் தவறாது சோதித்துக்கொள்ள வேண்டும். வெட்கத்தால் மறைத்தால், குழந்தை இறந்தே பிறக்கவும் நேரலாம்.