முதலில் எழுதுவதை நிறுத்துங்கள்

டிஸ்க் கெட்டுவிட்டது என்று தெரிந்ததுமே கை பரபரக்கும். எதையாவது செய்து பார்க்கத் தோன்றும். ஐபிஎம் மெயின்ஃபிரேமில் ஓடும் விஎம் உலகத்தில் அந்தப் பரபரப்புதான் கோப்புகளை அழிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. முதல் சேதத்தில் தப்பியதை, சரிசெய்யப் போகிற அவசரம் கொண்டுபோய்விடும்.

1960களில், மசாசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையத்தில் ராபர்ட் கிரீசியின் குழு ஒரே கணினியைப் பல கணினிகளாகக் காட்டும் வழியைக் கண்டது. 1972 ஆகஸ்டில் அது விஎம்/370 என்று அறிவிக்கப்பட்டது. இன்றைய இசட்/விஎம் அதன் நேர் வாரிசு. ஆளுக்கொரு கணினி என்றால் ஆளுக்கொரு டிஸ்க்கும் வேண்டுமே. பெரிய டிஸ்க்கை மனை பிரிப்பதுபோல் பிரித்தார்கள். ஒவ்வொரு மனையும் ஒரு மினிடிஸ்க். இந்த சிலிண்டரில் தொடங்கி இத்தனை சிலிண்டர் இவருக்கு என்று பயனர் பதிவேட்டில் ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். எல்லைக்கல்லைத் தப்பாக நட்டால் இரண்டு மினிடிஸ்க்குகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். இருவரும் ஒழுங்காகத்தான் வேலை செய்வார்கள், ஆனால் ஒருவர் கோப்பில் இன்னொருவர் எழுதுவார். அதனால் பழுது என்று கேட்டதும் டிஸ்க்மேப் என்ற நிரலை ஓட்டி, எங்காவது எல்லைகள் மோதுகின்றனவா என்று முதலில் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் கோப்புகளை மட்டும் மீட்டால் மறுநாளே மறுபடி கெடும்.

இதைவிட அதிகம் பேசவேண்டிய காரணம் ஒன்று உண்டு. பயனர் ஒரு மினிடிஸ்க்கைத் திறந்ததும், அவருடைய கணினியில் ஓடும் இயங்குதளமான சிஎம்எஸ் அதன் கோப்பு அட்டவணையை நினைவகத்துக்குள் எடுத்துக்கொள்கிறது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, டிஸ்க்கின் சேமிப்புத் துண்டுகளான கட்டங்களில் எது காலி என்பதெல்லாம் அதற்குப் பிறகு அந்தப் பிரதியைப் பார்த்துத்தான். ஒருவர் மட்டும் எழுதினால் சிக்கலில்லை. ஆனால் ‘எம்டபிள்யூ’ முறையில் இணைத்தால் இருவர் ஒரே நேரத்தில் எழுதலாம். முதலாமவர் புதிய கோப்பு போட்ட கட்டங்கள் இரண்டாமவர் பிரதியில் இன்னும் காலிதான். அவர் அங்கேயே எழுதுவார். பிறகு தன் அட்டவணையை டிஸ்க்கில் பதிப்பார். முதலாமவருடைய கோப்பு பெயரோடு காணாமல் போகும். இருவருக்கும் எந்த எச்சரிக்கையும் வராது. கூட்டாக எழுதத்தான் வேண்டும் என்றால் பின்னாளில் வந்த பகிர்வுக் கோப்பு முறை இருக்கிறது. சிஎம்எஸ் மினிடிஸ்க்குக்கு எம்டபிள்யூ கொடுப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

(படிக்க மட்டும் இணைத்தவருக்குக் குப்பையாகத் தெரிவது வேறு விஷயம். அவர் கையில் பழைய அட்டவணை இருக்கிறது. டிஸ்க்கை மறுபடி திறந்தால் தீர்ந்துவிடும். அதைச் சேதம் என்று நினைத்துப் பழுதுபார்க்க இறங்கிவிடக் கூடாது.)

சிஎம்எஸ் வடிவமைத்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வரும் இடம் இனிமேல்தான். அட்டவணை மாறும்போது பழையதன்மேல் எழுதுவதில்லை. புதியதை வேறு கட்டங்களில் எழுதி முடித்துவிட்டு, மூன்றாவது கட்டத்தில் இருக்கும் டிஸ்க்கின் முகப்பில் ஒரே ஒரு எண்ணை மாற்றுகிறார்கள். அட்டவணை நான்காவது கட்டத்தில் தொடங்குகிறதா, ஐந்தாவதிலா என்று சொல்லும் எண் அது. நடுவில் கணினி நின்றுபோனாலும் பழைய அட்டவணை முழுசாக இருக்கும். ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்த உடனேயே சுதாரித்து, வேறெதுவும் எழுதாமல் இருந்தால், அந்த எண்ணைத் திருப்பி வைத்து முந்தைய நிலைக்குப் போக வழியுண்டு. அடுத்த கோப்பு எழுதப்பட்டதும் அந்த வழி அடைபடும்.

ஆகவே செய்யவேண்டியது இது. எழுதும் உரிமையோடு இணைத்த எல்லோரையும் துண்டியுங்கள். டிடிஆர் என்ற நகலெடுக்கும் நிரலைக் கொண்டு அந்த மினிடிஸ்க்கின் சிலிண்டர்களை அப்படியே வேறிடத்துக்கோ டேப்புக்கோ நகலெடுங்கள். கோப்பு என்றால் என்னவென்றே டிடிஆருக்குத் தெரியாது. தடம் தடமாக எடுக்கும், அட்டவணை கெட்டிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. பிறகு எந்தச் சோதனையும் நகலில்தான். எண்ணைத் திருப்பியும் பலிக்கவில்லையென்றால் கட்டம் கட்டமாகப் படிக்கலாம். 3390 டிஸ்க்கில் 4096 பைட் கட்டங்கள் ஒரு சிலிண்டருக்கு 180. பத்து சிலிண்டர் மினிடிஸ்க் என்றால் 1,800 கட்டங்கள்தான். கோபோல் நிரலோ கடிதமோ கண்ணுக்கே தெரியும். பொறுமை இருப்பவருக்கு இது நடக்கிற காரியம்.

ஃபார்மட் கட்டளை கொடுத்துவிட்டால் இதெல்லாம் பயனற்றது. மற்றப் பல கணினிகளில்போல் மேலோட்டமாகத் துடைப்பதில்லை, சிஎம்எஸ் ஒவ்வொரு கட்டத்திலும் எழுதும். 1 அழுத்தவா 0 அழுத்தவா என்று கேட்கும் இடத்தில் நின்று யோசியுங்கள்.

வீட்டுக் கணினியில் விஎம்/370 ஓட்டுபவர்களுக்கும் ஒரு சொல். 1999இல் ரோஜர் பௌலர் வெளியிட்ட, மெயின்ஃபிரேம்போல் நடந்துகொள்ளும் ஹெர்குலிஸ் நிரலில், மெயின்ஃபிரேம் டிஸ்க் முழுவதையும் ஒரு சுருக்கப்பட்ட கோப்பாக வைக்கலாம். அப்படி வைத்திருக்கும்போது மின்சாரம் நடுவில் போனால் எந்தத் தடம் எங்கே என்னும் குறிப்பு குலையலாம். ஆனால் ஒவ்வொரு தடத்தின் தலையிலும் ஐந்து பைட்டில் அதன் சிலிண்டர் எண்ணும் ஹெட் எண்ணும் இருக்கின்றன. அவற்றைத் தேடிக் கோத்துக் குறிப்பை மறுபடி உருவாக்க ஹெர்குலிஸோடு வரும் பழுதுநீக்கி நிரல் உண்டு. அது அந்தக் கோப்பிலேயே எழுதும் நிரல். அதனால் அதை ஓட்டுவதற்கு முன்னும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.