நீல மலைக்குச் செல்லுமுன் பெயரை எழுதி வையுங்கள்

பாடசாலை விடுமுறைக் காலங்களில் எம்மவர் குடும்பங்கள் ஒன்றுகூடிச் செல்லும் இடங்களுள் சிட்னிக்கு மேற்கேயுள்ள நீல மலைப் பிரதேசமும் ஒன்று. சென்ட்ரல் நிலையத்திலிருந்து கட்டூம்பா வரை புகையிரதத்தில் ஏறக்குறைய 2 மணித்தியாலப் பயணம். சனி, ஞாயிறு தினங்களில் ஓப்பல் அட்டைக்குரிய நாளாந்த உச்சக் கட்டணம் குறைவாகையால் செலவும் தாங்கக்கூடியதே.

எம்மிற் பெரும்பாலோர் எக்கோ பொயின்ற்றில் நின்று 'மூன்று சகோதரிகள்' பாறைகளைப் படம் பிடித்ததோடு திரும்பிவிடுகின்றனர். ஆனால் அங்கிருந்தே பாறைகளை நோக்கி ஒரு குறும் பாதை செல்கின்றது. போக வர ஒரு கிலோமீற்றருக்கும் குறைவு. முதியோரும் சிறுவரும் எளிதில் நடக்கலாம். வென்ற்வேர்த் ஃபோல்ஸ் நிலையத்தின் அருகிலிருந்து ஜேமிசன் ஓடையோரமாகச் செல்லும் பாதைக்குச் சார்ள்ஸ் டார்வினின் பெயரை இட்டுள்ளனர். 1836 ஜனவரியில் அவர் இவ்வழியே நடந்து அருவியைக் கண்டார். பிளாக்ஹீத்தில் 1907இல் திறக்கப்பட்ட 'கிராண்ட் கன்யன்' பாதையோ சுமார் 6 கிலோமீற்றர் நீளமானது. 3 முதல் 4 மணித்தியாலம் பிடிக்கும், படிகளும் அதிகம். நடந்து பழகியவர்க்கே அது ஏற்றது.

இப்பள்ளத்தாக்குகளை உண்டாக்கியது நீரே. மேலே மணற்கல், அதன் கீழே மென்மையான களிப்பாறையும் நிலக்கரிப் படிவும். கீழ்ப்படை அரிக்கப்பட, பிடிமானமிழந்த மேற்பாறை உடைந்து வீழ்கின்றது. இன்றும் அது ஓயவில்லை. 2022 ஏப்ரலில் வென்ற்வேர்த் பாஸ் பாதையில் நிகழ்ந்த பாறைச்சரிவில் சுற்றுலா வந்த ஒரு தந்தையும் மகனும் உயிரிழந்தனர். ஆகவே பாதை திறந்துள்ளதா என்பதைத் தேசியப் பூங்காச் சேவையின் அறிவித்தலில் பார்த்த பின்னரே புறப்பட வேண்டும். பெருமழையை அடுத்த நாட்களிலும், காட்டுத்தீ அபாயம் அறிவிக்கப்பட்ட நாட்களிலும் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நன்று.

இனி, நாம் குறிப்பாக வலியுறுத்த விரும்புவது வேறொன்று. மலையேறுவோர் தாம் செல்லும் பாதை, உடன் வருவோர், திரும்பும் நேரம் ஆகியவற்றை முன்கூட்டியே எழுதிப் பதிவதற்கு இங்கே ஒரு படிவம் உண்டு. ஆபத்தில் இடத்தை அறிவிக்கும் சமிக்ஞைக் கருவியைக் கட்டூம்பா பொலிஸ் நிலையத்தில் இலவசமாக இரவல் பெறலாம். அதை இயக்கினால் செய்மதி வழியே கன்பராவிலுள்ள மீட்பு நிலையத்துக்குச் செய்தி சென்றடையும். பள்ளத்தாக்கின் பல இடங்களில் கைத்தொலைபேசி இயங்காது என்பதால் இக்கருவி அவசியமானது.

பொலிஸ் நிலையம் என்றதும் எம்மவர் தயங்குவர் என்பதை நாம் அறிவோம். சுற்றிவளைப்பின்போது பெயர் கொடுத்தவர் வீடு திரும்பாத நினைவு எத்தனையோ குடும்பங்களில் இன்னும் ஆறாதிருக்கின்றது. காட்டில் எவர் கண்ணிலும் படாதிருந்தமையால் உயிர் தப்பியோரும் எம்மிடையே உளர். ஆயினும் இந்த மலையில் நிலைமை நேர்மாறானது. வழி தவறியவரை எவரும் தேடாவிடின் அவருக்குக் குளிரும் தாகமுமே எமனாகும். அங்கே எழுதி வைக்கும் பெயர் உங்களைத் தேடி மீட்பதற்கானது. அப்படியும் தயக்கமிருப்பின், வீட்டிலிருக்கும் உறவினர் ஒருவரிடமாவது பாதையின் பெயரையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். குறித்த நேரத்தில் நீங்கள் வராவிடின் 000க்கு அழைக்கும்படி சொல்லி வையுங்கள். ஆங்கிலம் பேச வராதவர் 'தமிழ்' என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைக்கக் கேட்கலாம்.

ஒவ்வொருவர்க்கும் போதிய தண்ணீர், குளிராடை, பாதணி என்பன கட்டாயம். அடையாளமிட்ட பாதையை விட்டு விலகாதீர்கள். மெல்பேர்ண் வாசகர்கள் கிராம்பியன்ஸ் மலைக்குச் செல்கையிலும் இவற்றையே கடைப்பிடிப்பார்களாக.